திக்கலுக்கு மாத்திரையா, பயிற்சியா: அக்கா மகனுக்குச் சொன்னது

போன மாதம் அக்கா மகன் குடியாத்தத்திலிருந்து வந்திருந்தான். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது கேட்டான்: "மாமா, திக்குறதுக்கு மாத்திரை கீதாமே, போட்டுக்கலாமா?" இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு அரை நிமிஷம் ஆனது. 'தி'யிலேயே நின்றுவிட்டான். நவம்பரில் அவன் கல்லூரிக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வருகின்றன. நடுவில் நாலு மாதம்தான் இருக்கிறது.

எனக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து திக்கும். இப்போது வயது 34. வேலூர் லாங் பஜாரில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், போனில் ஆர்டரும் எடுக்கிறேன். மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறேன், பயிற்சிக்கும் போயிருக்கிறேன். அன்றைக்கு அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. இதில் எந்த மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது, சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

திக்கல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, வாய் நிற்பது: எழுத்து திரும்பத் திரும்ப வருவது, இழுப்பது, அடைத்துக்கொள்வது. இரண்டாவது, நிற்குமோ என்கிற பயம். மூன்றாவது, நிற்காமல் இருப்பதற்காக நாம் கற்றுக்கொண்ட ஒளிப்பு வேலைகள். ஒவ்வொரு வைத்தியமும் இதில் ஒன்றைத்தான் நேராகத் தொடுகிறது. தன்னை அதிகம் வாட்டுவது எது என்று தெரியாமல் மாத்திரையா பயிற்சியா என்று கேட்டால் பதில் கிடைக்காது. எனக்கு அது தெரியாமல்தான் ஒரு வருஷம் போனது.

ஒளிப்பு என்று எதைச் சொல்கிறேன் என்றால், என் வீடு காட்பாடியில். பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவேன். கண்டக்டர் வந்து "எங்கபா?" என்பார். 'கா' வராது. தொண்டையில் கதவைச் சாத்திய மாதிரி நிற்கும். அவர் கையில் டிக்கெட் கட்டோடு காத்திருப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் "விருதம்பட்டு" என்று சொல்லிவிடுவேன். 'வி' எனக்கு வரும். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் விருதம்பட்டில் இறங்கி வீடு வரைக்கும் நடப்பேன். வருஷக்கணக்கில் நடந்திருக்கிறேன். கடையிலும் இதே கதைதான். 'கடலை' வராது, 'மல்லாட்டை' வரும். நான் எப்போதும் மல்லாட்டை என்றே சொல்வதைப் பார்த்து, நம்ம ஊர்ப் பேச்சை விடாமல் பேசுகிறான் என்று முதலாளி மெச்சிக்கொள்வார். சொல்லை இப்படி மாற்றிக்கொள்ளலாம், பெயரை மாற்ற முடியாது. திக்குகிறவர்களில் பலருக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருப்பது இதனால்தான்.

சின்ன வயதில் எனக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. ஆயா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். ராத்திரியில் அதைப் 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்வாள். பேர் சொல்ல முடியாத பிள்ளைக்குப் பேர் சொல்லாத மருந்து. வசம்பில் இருக்கும் அசரோன் என்ற பொருள் நல்லதில்லை என்று இப்போது தெரிகிறது, குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ரத்தினகிரி முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை அடித்தார்கள். ஒரு வாத்தியார் பாலாற்றுக் கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பாடம் படிக்கச் சொன்னார். எல்லோரும் அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் எல்லோரும் நாக்கையே பார்த்தார்கள். 1841இல் பிரஷ்யாவில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குகிறவர்களின் நாக்கை வெட்டியே பார்த்துவிட்டார். நாக்கில் கோளாறு இருந்தால்தானே சரியாவதற்கு?

பேச்சுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மூளைப் பகுதிகளில்தான் விஷயம் இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். பஜனையில் சேர்ந்து பாடும்போதும், ஒரு கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பெரும்பாலும் திக்காது, தாளம் வெளியிலிருந்து வருவதால். பரம்பரைக்கும் பங்கு உண்டு. 2010இல் பாகிஸ்தான் குடும்பங்களை வைத்து நடந்த ஆராய்ச்சியில் சில மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். எனக்கும் அக்கா மகனுக்கும் ஒரே குடும்பத்தில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பயத்தினால் திக்கல் வருவதில்லை. திக்கலினால் பயம் வருகிறது, அந்தப் பயம் திக்கலைக் கூட்டுகிறது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். திக்கலுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. எதற்கும் அந்த அனுமதியைத் தரவில்லை. வேறு நோய்களுக்கான மருந்துகளைத்தான் மருத்துவர்கள் இதற்கும் முயன்று பார்க்கிறார்கள். இதில் முக்கியமானவை மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கும் மனநோய் மருந்துகள். ஹாலோபெரிடால் பழையது. சிலருக்குத் திக்கல் குறைந்தது, ஆனால் உடம்பு விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, நாள்பட்டால் வாயும் முகமும் தானாக அசைவது போன்ற தொல்லைகளால் பலர் நிறுத்திவிட்டார்கள். பிறகு ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் வந்தன. ஜெரால்ட் மக்வைர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அவருக்கும் திக்கல் உண்டு, 2000இல் ரிஸ்பெரிடோனைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். பலன் தெரிந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் மொத்தம் 16 பேர். பகோக்ளோன் என்ற வேறு வகை மருந்தை 132 பேரிடம் சோதித்து 2010இல் நம்பிக்கையோடு எழுதினார்கள். அந்த மருந்து கடைசிவரை கடைக்கு வரவில்லை. அதற்கு முன்பே 2006இல், அதுவரை வந்த மருந்து ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக அலசிய ஒரு கட்டுரை, எதையும் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. மாத்திரை யாருக்குமே வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள், மிகக் குறைந்த அளவில். மனநல மருத்துவரிடம் போவதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது. எங்கள் ஊரில் பாகாயம் என்று சொன்னாலே சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், மனநல மையம் அங்கே இருப்பதால். அந்தப் பார்வைக்குப் பயந்து ஆறு மாதம் வீணாக்கியதற்கு இப்போது வருந்துகிறேன். நான் பார்த்த மருத்துவர் ஒரு நல்ல காரியம் செய்தார். மாத்திரை தொடங்குவதற்கு முன் மூன்று வாரம், தினமும் பத்து போன் பேச்சில் எத்தனை முறை வாய் நிற்கிறது என்று எழுதிவரச் சொன்னார். திக்கல் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். முன்கணக்கு இல்லாமல் மாத்திரை போட்டால், தானாக இறங்கிய வாரத்துக்கும் மாத்திரைக்கே பெயர் போய்விடும். யாராக இருந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

அந்த நோட்டில் நானாக இன்னொரு பத்தியும் போட்டேன்: மாற்றிச் சொன்ன சொற்கள் எத்தனை. மல்லாட்டை, விருதம்பட்டு எல்லாம் அதில் வரும்.

மாத்திரைக்கு முன் பத்து போனில் 60 தடவை போல வாய் நின்றது. ஆறாவது வாரத்தில் அது 35க்கு வந்தது. கடையில் இருப்பவர்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. எனக்கும் அந்த நாட்களில் மிதக்கிற மாதிரிதான் இருந்தது; ஆம்பூர் வியாபாரி ஒருவரிடம் இரண்டு நிமிஷம் தடங்கல் இல்லாமல் பேசி போனை வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டாவது பத்தியைப் பார்த்தால், முன்பு நாளைக்கு 12 சொல் மாற்றினேன், மாத்திரை போட்ட பிறகு 11. வாய் திறந்துகொண்டது, நான் மட்டும் விருதம்பட்டிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். 'கா' வந்திருக்குமோ என்னவோ, சொல்லிப் பார்க்கவே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலையில் எழ முடியாத அசதி. மூன்று மாதத்தில் 68 கிலோவிலிருந்து 73. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தது. ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றுவதால் இப்படி ஆகலாம் என்பதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கூச்சத்தில் நான் கேட்கவில்லை, மனைவிதான் என்னைத் திரும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். சில வாரத்தில் எண்ணிக்கை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இந்த மருந்துகள் சாப்பிடுகிற வரைக்கும்தான், நிலையாக எதையும் மாற்றிவிடுவதில்லை.

இதை வைத்து மாத்திரை வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர், தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி, அவருக்கு ஒரு சொல் வெளியே வருவதற்குள் கழுத்து வெட்டி இழுக்கும், கண் இறுகிக்கொள்ளும். பயிற்சியில் சொல்லித் தந்ததைச் செய்யவே முடியாத அளவுக்கு இறுக்கம். இரண்டு வருஷமாக மாத்திரை எடுக்கிறார், எடையையும் சர்க்கரையையும் முறையாகப் பரிசோதித்துக்கொள்கிறார், நிறுத்தச் சொன்னால் மாட்டேன் என்கிறார். அவர் கணக்கு அவருக்குச் சரி.

பயத்துக்கான மருந்துகள் வேறு. புரொப்ரனலால் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும். மேடை ஏறுவதற்கு முன் சிலர் போட்டுக்கொள்வது இதைத்தான். திக்கலை நேராகக் குறைக்காது. வீசிங் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. அல்பிரசோலம் போன்றவை பயத்தைச் சீக்கிரம் தணிக்கும், கூடவே புத்தியையும் மந்தமாக்கும், பழக்கமாகிவிடும். இன்டர்வியூ நாளுக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மனிதர்களைச் சந்திப்பதற்கே அஞ்சி ஒதுங்குகிற அளவுக்கு ஆகிவிட்டவர்களுக்கு எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகள் தருகிறார்கள். அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அவையும் பயத்துக்குத்தான், திக்கலுக்கு இல்லை.

பயிற்சியிலும் இரண்டு பாதை உண்டு, ஸ்பீச் தெரபி என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை. முதல் பாதை பேச்சையே புதிதாக வார்ப்பது: வேகத்தைக் குறைத்து, மூச்சோடு மெதுவாகத் தொடங்கி, உயிரெழுத்தை நீட்டி, உதட்டையும் நாக்கையும் பட்டும் படாமல் வைத்துப் பேசுவது. அறைக்குள் வெகு அழகாக வரும். நான் தெரபிஸ்ட் முன்னால் ஒரு மணி நேரம் திக்காமல் பேசியிருக்கிறேன். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் நின்றால் பழைய குருடி கதவைத் திறடி. தமிழில் இதற்கு ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. நமக்குக் குறிலும் நெடிலும் வேறு வேறு சொல். 'பல்' நீண்டால் 'பால்', 'கொடு' நீண்டால் 'கோடு'. உயிரை இழுக்கச் சொல்லும் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொண்டால் கடையில் கேட்பவர் முழிப்பார். என் தெரபிஸ்ட் இதைப் புரிந்துகொண்டு, முதல் எழுத்தைத் தொடுவதை மட்டும் இளக்கிக்கொள், உயிரை அதன் அளவிலேயே விடு என்று மாற்றிச் சொன்னார். தமிழில் பயிற்சி தருபவரைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பாதையைச் சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர் வகுத்தார், அவரும் திக்கியவர்தான். திக்காதே என்று அது சொல்வதில்லை, இறுகாமல் திக்கு என்கிறது. ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அதை எப்படியோ முடி, ஒரு நொடி நிறுத்து, அதே சொல்லை இளக்கமாக மறுபடி சொல். பழகிய பிறகு, நின்றுகொண்டிருக்கும்போதே நடுவில் தளர்த்தி வெளியே வா. இன்னும் பழகினால், வரப்போகிறது என்று தெரியும்போதே தளர்ந்து உள்ளே போ. இதோடு வேண்டுமென்றே திக்கிப் பேசும் பயிற்சியும் உண்டு. தெரியாத ஒருவரிடம் போய், வருகிற சொல்லையே திக்கிச் சொல்ல வேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கும் சாக்கில் செய்தேன். முதல் நாள் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு நடுங்கியது. முள்ளுக்கத்திரிக்காய் விற்கும் அம்மாவிடம் வேண்டுமென்றே திக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, எடை போட்டு, கொசுறாகக் கருவேப்பிலையும் வைத்தார். உலகம் இடியவில்லை.

அந்தப் பயிற்சியின் முதல் இரண்டு மாதத்தில் நோட்டின் முதல் பத்தி ஏறியது. 60 என்பது 75 ஆனது, ஒளிப்பதை விட்டுவிட்டதால். இந்த இடத்தில்தான் பலர் பயிற்சி தோற்றுவிட்டது என்று கைவிடுகிறார்கள், எனக்கும் தோன்றியது. இரண்டாவது பத்தி 12லிருந்து 3க்கு இறங்கியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து முதல் பத்தி 40 பக்கம் வந்து நின்றது, இன்றும் அங்கேதான் நிற்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மாத்திரைதான் ஜெயித்தது.

செலவு: மாத்திரை மலிவு, அதற்கான ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்தாலும். பயிற்சிக்கு நான் ஒரு தடவைக்கு 500 ரூபாய் கொடுத்தேன், வாரம் ஒரு தடவை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் அதே பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சியின் உண்மையான விலை நேரம்தான்.

செவியில் நம் குரலையே ஒரு கணம் தாமதித்துக் கேட்க வைக்கும் ஆப்கள் போனில் இருக்கின்றன. சிலருக்கு உதவும், எனக்கு இரண்டு வாரத்தில் பழகிப்போய்விட்டது.

திக்குகிறவர்கள் கூடிப் பேசும் குழுக்களும் உண்டு. தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் பல ஊர்களில் இப்படி நடத்துகிறது, ஆன்லைனிலும் சேரலாம். காசு இல்லை. பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது என்று படித்திருந்தும், இன்னொருவர் என்னைப் போலவே 'க'வில் நிற்பதை அதுவரை நான் கண்டதே இல்லை. எதிரில் இருப்பவர் அவசரப்படாமல் காத்திருக்கும்போது ஒரு சொல் எப்படி வருகிறது என்பதை அங்கேதான் முதலில் உணர்ந்தேன்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மூன்று, நான்கு வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். போகுமா போகாதா என்று வீட்டில் காத்திருக்காமல் தெரபிஸ்டிடம் காட்டுவது நல்லது. அந்த வயதில் மாத்திரைப் பேச்சே வேண்டாம். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று புதிதாகத் திக்க ஆரம்பித்தால் அது வேறு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், பக்கவாதமாக இருக்கலாம், ஏதாவது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம்.

சரி, அக்கா மகனுக்கு என்ன முடிவு? மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங், அதனால் புரொப்ரனலாலை அடித்துவிட்டோம். அக்காவுக்கும் மாமாவுக்கும் சர்க்கரை, அவனுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். எடையும் சர்க்கரையும் ஏற்றக்கூடிய ஒலன்சபின் போன்றவற்றுக்கு அவன் தயங்க வேண்டியவன். ரிஸ்பெரிடோன் தொடங்கினாலும் அளவு சரிப்பட்டு, அசதி அடங்கி, பலன் தெரிவதற்குள் பரீட்சையும் இன்டர்வியூவும் வந்துவிடும். முதல் தடவை ஒரு மருந்தை முயல அது நேரமில்லை. வேலை கிடைத்து, ஒரு ஊரில் நிலையாக உட்கார்ந்த பிறகும் அவனுக்கு அது வேண்டுமென்று தோன்றினால் நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். கல்லூரி கேன்டீனில் 'பரோட்டா' என்று கேட்க வராததால் இரண்டு வருஷமாக மத்தியானம் சாப்பிடுவதில்லையாம், வீட்டுக்குத் தெரியாது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இவனை வாட்டுவது இரண்டாவதும் மூன்றாவதும், அதாவது பயமும் ஒளிப்பும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் பயத்துக்காக ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறோம், மருந்து வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். வாரம் ஒரு தடவை தெரபிஸ்ட், வான் ரைப்பர் பாதையில். இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக "எனக்குத் திக்கும், சில சொல்லுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்" என்று சொல்லிவிடுவது. இது அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. சொன்னால் வேலை தர மாட்டார்கள் என்கிறான். தராமலும் போகலாம், அதை நான் மறுக்கவில்லை. சொல்லாமல் ஒளித்தபடி நான் கொடுத்த மூன்று இன்டர்வியூவிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன்.

இப்போது தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்கிறான். நான் கம்பெனிக்காரன் மாதிரி கேள்வி கேட்பேன். நேற்றும் கேட்டேன், "உங்க பேரு?" அவன் பெயர் 'ப'வில் தொடங்கும். உதடு ஒட்டிக்கொண்ட சத்தம் கேட்டது, அப்புறம் மூச்சு, மறுபடி உதடு. வேறு சொல் எதையும் போட்டு நிரப்பவில்லை, போனை வைக்கவும் இல்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பதினோரு நொடியில் பெயர் வந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டேன்.